மரிசெல் பெயருக்கு நான் சொன்ன 'பிரசன்ட்'

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டில் நான் நின்றால் போதும், யாராவது ஒரு பிள்ளை வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. "டீச்சரே, டிகிரி இல்லாம வெளிநாட்டுல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குற ஜோலி கிடைக்குமா?" ஆசிரியர் பயிற்சியான டி.டி.சி. முடித்தவர்கள், பி.ஏ.வைப் பாதியில் விட்டவர்கள், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சொற்பச் சம்பளத்துக்குக் கத்திக் கத்தித் தொண்டை போனவர்கள். போன மாதம் தேவிகுளத்திலிருந்து ஒரு பெண் இதைக் கேட்பதற்காகவே பஸ் ஏறி வந்தாள். கையில் போன். போனில் ஒரு விளம்பரம். டிகிரி வேண்டாம், அனுபவம் வேண்டாம், டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருகிறார்களாம். தூண்டிலில் இருக்கிற புழுவும் மீனுக்கு இலவசம்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜோலி கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. இரண்டு நாடுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத்தான் ஊருக்கு வந்திருக்கிறேன். ஆனால் அந்த ஜோலியோடு சேர்த்து ஒரு பயத்தையும் கொடுப்பார்கள். அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. அட்டையைப் பார்த்துப் பயப்படாமல் தேயிலைக்காட்டில் வளர்ந்தவள், யூனிபார்மைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

அப்பா, அம்மா இருவரும் எஸ்டேட் தொழிலாளிகள். தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீடு. நான் ப்ரீடிகிரி முடித்து, டி.டி.சி. படித்து, டவுனில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். தபால் வழியில் பி.ஏ. சேர்ந்ததும், கல்யாணமும் மகள் அனிதாவும் வந்ததில் அது நின்றுபோனதும் எல்லா வீட்டிலும் நடக்கிற கதை. எஸ்டேட்டைப் பூட்டினார்கள். என் வீட்டுக்காரர் முருகேசன் பாக்டரியில் வேலை பார்த்தவர், அவருக்கு வேலை போயிற்று. அனிதா பெங்களூரில் நர்சிங் சேர்ந்தாள். அந்தப் படிப்பு முடியும்வரை வீட்டில் யாராவது ஒருவர் சம்பாதித்தே ஆக வேண்டும். அது நான் என்று ஆயிற்று.

என்னோடு வேலை பார்த்த லிசி டீச்சர் எனக்கு முன்னாலேயே தாய்லாந்து போயிருந்தாள். அவள் சொல்லித்தான் மேகாங் ஆற்றங்கரையில் இருந்த ஒரு டவுனுக்குப் போனேன். அக்கரையில் லாவோஸ். டவுனில் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளி. அதன் தலைமையாசிரியை பெயர் வன்னா. அந்த ஊரில் ஆசிரியரைக் 'குரு' என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது பாதி பயம் போயிற்று. மீதிப் பாதி போகவே இல்லை.

குரு வன்னா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குச்சி மாதிரி உடம்பு, முழங்கையைத் தொடும் வெள்ளைச் சட்டை, எப்போதும் நின்றபடியே இருப்பார். கோபம் வந்தால் சிரிப்பு அதிகமாகும். ரொம்பக் கோபம் வந்தால் வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகளைக் குனிந்து ஜோடி ஜோடியாக அடுக்க ஆரம்பித்துவிடுவார். அவர் செருப்பைத் தொட்டால் பள்ளிக்கூடமே அடங்கும். எதையும் இப்படிச் செய் என்று சொல்ல மாட்டார். "டீச்சர் யோசிங்க" என்பார், அவ்வளவுதான். என்னிடம் நாலு பாட்டைப் பாடச் சொல்லி, படங்களைக் கொடுத்து ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார். பின்வரிசையில் நின்று பார்த்தார். வெளியே வந்ததும் கேட்டார்.

"பட்டம்?"

"இல்லை, மேடம். ஆசிரியர் பயிற்சி மட்டும்தான்."

செருப்பு ஒன்றைக் காலால் நகர்த்தினார். பட்டம் இல்லாமல் இந்த நாட்டில் ஆசிரியர் உரிமம் தர மாட்டார்கள், உரிமம் இல்லாமல் வேலை பர்மிட் கிடையாது. பிள்ளைகளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது, அதற்கு என்ன செய்வது என்று அவர் என்னையே கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வகுப்பு எடுக்கத் தெரியும். மறுநாள் முதல் எடுத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று சொல்ல முடியாது. ஆழம் தெரிந்தேதான் விட்டேன், ஏனென்றால் கரையில் அனிதாவின் காலேஜ் நின்றுகொண்டிருந்தது.

பர்மிட் இல்லாதவள் எப்படி அங்கே இருக்க முடியும் என்று கேட்பீர்கள். டூரிஸ்டாக. விசா முடிகிற ஒவ்வொரு முறையும் பாலத்தைக் கடந்து லாவோஸ் போய், அங்கே ஒரு முத்திரை, திரும்ப இங்கே ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும். டூரிஸ்ட் மாதிரி இருப்பதும் ஒரு வேலை. எனக்கு அது கஷ்டமாக இல்லை. தேக்கடிக்குப் போகிற டூரிஸ்டுகளை வண்டிப்பெரியார் கடைவீதியில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். வைக்கோல் தொப்பி வாங்கினேன். கழுத்தில் கேமரா. கையில் தண்ணீர் பாட்டில். ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று எதையாவது போட்டோ எடுத்தேன். வரிசையில் நிற்கும்போது சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கிறதா என்று விரல் நகங்களைப் பார்த்துக்கொள்வேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பாஸ்போர்ட்டைப் புரட்டுவார். முத்திரைகள் பெருகப் பெருக அவர் புரட்டும் வேகம் குறையும். "திரும்பத் திரும்ப வருகிறீர்களே?" என்று ஒருத்தர் கேட்டார். "அழகான ஊர்" என்றேன். இந்தப் பக்கம் வந்து முதல் டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினேன். இப்படி எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒரு முறைகூட அந்தப் பயம் பழகவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஆபீசர்கள் வந்தால் அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. கேட் பக்கம் பெருக்குகிற அம்மா வாளியைத் தரையில் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் நான் சாக்குக்கட்டியைப் பிள்ளைகளில் மூத்ததிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கமாகச் சமையலறைக்குப் போய், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கீரை ஆய வேண்டும். இரண்டு முறை ஆய்ந்திருக்கிறேன். சமையல்காரப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஒருத்தி முதுகில் தட்டிக்கொடுப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஆய்ந்த கீரையில் தண்டும் இலையும் ஒன்றாகக் கிடக்கும்.

எங்கள் குடியிருப்பில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் மரிசெல். பிலிப்பைன்ஸ்காரி. நாலு வருடப் பட்டம், உரிமம், பர்மிட் எல்லாம் அவளிடம் இருந்தன. அவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். நல்லவள், ஆனால் கறார். சோற்றுப்பானையைக்கூட என் பக்கம், அவள் பக்கம் என்று கோடு போட்டாற்போல வைத்திருப்பாள். அவள் மகனுக்கு ஆபரேஷன் என்று லீவு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். வியாழக்கிழமை திரும்புவதாக இருந்தது.

அது திங்கட்கிழமை. காலையில் கொடியேற்றத்துக்கு எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நின்றோம். தேசியகீதம் முடிகிற நேரத்தில் கேட்டுக்குள் ஒரு ஜீப் நுழைந்தது. பெருக்குகிற அம்மாவும் கொடிக்காக அசையாமல் நின்றிருந்ததால் வாளி தட்ட யாரும் இல்லை. யூனிபார்மில் ஓர் இளம் இமிக்ரேஷன் ஆபீசர் இறங்கினார். கும்பிட்டார். குரு வன்னாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வெளிநாட்டு ஆசிரியர்களை மட்டும் முன்னால் வரச் சொன்னார். என் பக்கத்தில் நின்ற இங்கிலீஷ்காரர் ஜேம்ஸ் முன்னால் போனார். நான் போகாமல் நிற்கவும் முடியாது, பின்னால் நழுவவும் முடியாது. நானூறு பிள்ளைகள் என்னையே பார்க்கிறார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன்.

அவர் கையில் இருந்தது பெயர்கள் மட்டும். போட்டோ இல்லை. வாசிக்க ஆரம்பித்தார்.

இங்கே எங்கள் எஸ்டேட் மஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடிகாலையில் மஸ்டர் ஷெட் முன்னால் எல்லோரும் நிற்பார்கள். சூப்பர்வைசர் பெயர் வாசிப்பார். பெயருக்கு ஆள் குரல் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. கைக்குழந்தைக்காரி, காய்ச்சலில் மாமியாரை வைத்திருப்பவள், மழையில் வழுக்கி விழுந்து புடவை மாற்றப் போனவள், இவர்கள் எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் வருவார்கள். அவர்கள் பெயர் வாசிக்கப்பட்டு ஒரு மூச்சு நேரம் சத்தம் இல்லாமல் போனால் பக்கத்தில் நிற்கிறவள் "ஆஜர்" என்று குரல் கொடுத்துவிடுவாள். சூப்பர்வைசருக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கிறதற்குள் ஆள் வந்துவிட்டால் அவர் கண்டுகொள்ள மாட்டார். எங்கள் லயத்தில் இதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. குரல் கொடுக்காமல் நின்றவளைத்தான் ஏசுவார்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு பேரு சொல்ல வலிக்குதோ?" என்று என் அம்மாவே ஒருத்தியைக் கேட்டிருக்கிறாள். லீவு நாளில் அம்மாவோடு மஸ்டருக்குப் போய் நானும் சின்ன வயசில் பல பேருக்கு ஆஜர் சொல்லியிருக்கிறேன். நல்ல குரல் என்று பெயர் வாங்கியவள்.

ஆபீசர் "ஜேம்ஸ்" என்றார். அவர் கையைத் தூக்கினார். இன்னொரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் பெயர். அவளும் தூக்கினாள். "மரிசெல்" என்றார். சத்தம் இல்லை. தலையை நிமிர்த்திப் பார்த்து, இன்னொரு முறை "மரிசெல்" என்றார்.

"பிரசன்ட், சார்."

சொன்னது நான்தான். யோசித்துச் சொல்லவில்லை. தப்பிக்கலாம் என்று நினைத்தும் சொல்லவில்லை. ஒரு பெயர் அந்தரத்தில் நின்றது, வாய் அதைப் பிடித்துக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் தவளை கத்தும்போதெல்லாம் இந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரித்தவள்தான் நான்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். ஜேம்ஸ் நேரே கொடிக்கம்பத்தைப் பார்த்தார். மற்றப் பிலிப்பைன்ஸ் பெண் தன் காலைப் பார்த்தாள். ஆபீசர் எதையோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், மறுபடியும் கும்பிட்டார், ஜீப்பில் ஏறினார். போய்விட்டார்.

பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் ஜேம்ஸ் என் தோளைத் தட்டி, "அபாரம்" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். குரு வன்னா வாசலில் குனிந்து செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போய் நானும் குனிந்தேன். அவர் நிமிராமலே பேசினார். "மரிசெல் லீவில் இருக்கிறாள். நான் ஒப்புக்கொண்ட லீவு. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திவிட்டீர்கள்."

"மன்னிச்சிடுங்க, மேடம்."

"அவள் வியாழக்கிழமை விமானத்தில் இறங்குவாள். பாஸ்போர்ட்டில் வியாழக்கிழமை முத்திரை விழும். திங்கட்கிழமை அவள் இங்கே நின்றாள் என்று அந்த ஆபீசர் எழுதிக்கொண்டு போகிறார்." ஒரு ஜோடிச் செருப்பை நேராக வைத்தார். "இரண்டையும் யாராவது சேர்த்துப் பார்த்தால், மரிசெல் தன் பெயரில் வேறொருத்தியை நிறுத்தினாள் என்றுதான் நினைப்பார்கள். அவள் பர்மிட் போகும். உரிமமும் போகும்."

எஸ்டேட்டில் நான் குரல் கொடுத்தால் ஒருத்திக்குக் கூலி நிற்கும். இங்கே நான் கொடுத்த குரலில் ஒருத்தியின் பிழைப்பே போகப் பார்க்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவளுக்கு ஒரு சேதமும் இல்லை.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"டீச்சர் யோசிங்க" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா கனி? அவன் எழுதிட்டுப் போயிட்டான்லா? பேசாம இரி. யாரு போயி ரெண்டையும் சேத்துப் பாக்கப் போறா?"

"பாத்துட்டா?"

"பாத்தா அந்தப் புள்ள ஏதாவது சொல்லிக்கிடும். டிகிரி வச்சிருக்குல்லா. நீ போயி நின்னா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. ஒரு பாஷையும் தெரியாத ஊருல ஒன்னய ஜெயில்ல வந்து பாக்கக்கூட எனக்கு வழி தெரியாது பாத்துக்க."

"அவளுக்கும் புள்ள இருக்குங்க. இப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்சு கெடக்கு."

"நமக்கு மட்டும் இல்லயா? அனிதாவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. எனக்கு பயமா இருக்கு, புள்ள."

அவர் அப்படிச் சொன்னதை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு பக்கம் கம்பிக் கதவு. இன்னொரு பக்கம், வியாழக்கிழமை பெட்டியோடு அறைக்குள் வந்து, "நான் இல்லாதபோது என்ன நடந்தது?" என்று கேட்கப்போகிற மரிசெல். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே அறையில் சோறு தின்ன என்னால் முடியாது. வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு பயத்தில் எது பெரிது என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை குரு வன்னாவிடம் போய், "இமிக்ரேஷன் ஆபீசுக்குப் போறேன் மேடம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் போனால் பர்மிட் இல்லாத ஆளை வைத்திருந்ததற்காக அவருக்கும் அபராதம் விழும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"என் பள்ளிக்கூடம். நானும் வருவேன்" என்றார்.

அந்த ஆபீஸ் மஞ்சள் சுவரும் நீல நாற்காலியுமாகச் சுத்தமாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கூடத்தின் கோடியில் ஒரு கம்பிக் கதவு. அதற்குப் பின்னால் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு நிதானமாக வாரியதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அங்கே தலை வாரிக்கொள்ளும் அளவுக்கு ஒருத்தி இருந்து பழகிவிட்டாள் என்று நினைத்தேன். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. குரு வன்னா என் முழங்கையைப் பிடித்திருந்தார். ஆறுதலுக்கா, ஓடாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

அதே இளம் ஆபீசர் வந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "மரிசெல்!" என்றார்.

"நான் மரிசெல் இல்லை, சார்."

குரு வன்னா மீதியைத் தாய்லாந்து மொழியில் சொன்னார். சொல்லச் சொல்ல ஆபீசரின் சிரிப்பு வற்றியது. காது மடல் சிவந்தது. மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்துத் திறந்து மூடி, மறுபடியும் திறந்து மூடினார். பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று இங்கிலீஷில் பேசினார்.

"என் கையெழுத்துக்கு மேலே நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இது எனக்கு முதல் போஸ்டிங். ஏன் அவள் பெயரைச் சொன்னீர்கள்?"

மஸ்டரைப் பற்றிச் சொன்னேன். தேயிலை, கைக்குழந்தைக்காரி, கூலி எல்லாம் சொன்னேன். குரு வன்னா ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தார். சொல்லும்போதே எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. கதை கேட்டு மனம் இளகி விட்டுவிடுவார் என்று எனக்குள்ளே ஒரு நப்பாசை இருந்ததையும் மறைக்கவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். "இது தோட்டம் இல்லை" என்றார்.

அவ்வளவுதான். முதலில் திங்கட்கிழமைக் காகிதத்தை எடுத்து, மரிசெல் பெயருக்கு எதிரே லீவு என்று திருத்தி, குரு வன்னாவிடம் கையெழுத்து வாங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு புதுக் காகிதம் ஒன்றை டைப் மெஷினில் வைத்தார். நான் அந்த நாட்டை விட்டுப் போக வேண்டிய உத்தரவு. பெயர் கேட்டார், பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்தார். ஊர் கேட்டார்.

"தொழில்?"

"டூரிஸ்ட்" என்றேன்.

அவர் கை நின்றது. குரு வன்னா என்னைப் பார்த்த பார்வைக்கு, நல்லவேளை, சுற்றிலும் அடுக்கச் செருப்பு இல்லை. "குரு" என்று அவரே சொன்னார். ஆபீசர் அதை அடித்தார்.

அபராதம் கட்டினோம். கம்பிக் கதவுக்குப் பின்னால் போடவில்லை. ஒரு வாரத்துக்குள் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்றார். வெளியே வந்ததும் குரு வன்னா ஆபீஸ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மரிசெல் வியாழக்கிழமை வந்தாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழாத குறை. அவள் பெட்டியைத் திறந்து துணியை மடித்து வைத்தாள். பிளாஸ்டிக் உறையை எடுத்து, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "உன்னை யார் என் பெயரைச் சொல்லச் சொன்னது?" என்றாள். அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊருக்குப் போகிறாயா?"

"வேற எங்க போறது?"

"ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு இங்கிலீஷ் சென்டர் இருக்கிறது. பெரியவர் ஒருவர் நடத்துகிறார். பட்டம் கேட்க மாட்டார் என்கிறார்கள். பர்மிட் எடுத்துத் தருவார். ஆனால் எங்கேயாவது ஆசிரியராக வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்பார்." என் சேலையை எடுத்து அவளே மடித்தாள். "போய்ப் பார். என் பெயரைச் சொல்லாதே."

பாலத்தில் பஸ் ஏறியபோது தொப்பியும் கேமராவும் இல்லை. உத்தரவுக் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் முத்திரை குத்தினார். அக்கரையில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். போகிற வழியெல்லாம் யோசனை. அத்தாட்சிக்கு நான் எங்கே போவேன்? வண்டிப்பெரியார் பள்ளிக்கூடத்தை நான் வந்த பிறகு மூடிவிட்டார்கள். குரு வன்னா எழுதிக்கொடுத்தால் அவருக்கே திரும்பவும் வில்லங்கம். மூன்று வருடம் அங்கே பாடம் நடத்தியிருக்கிறேன். நான் அங்கே இருந்ததற்கே எந்தத் தடயமும் இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்த மூன்று வருடத்து உழைப்பு.

சென்டர் ஒரு மாடி வீடு. கீழே முன்னறையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் யாரோ பாடம் நடத்துவது கேட்டது. என் டி.டி.சி. சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டம்?"

"இல்லை."

"பரவாயில்லை. வேலை பார்த்த அத்தாட்சி?"

கைப்பைக்குள் அந்த உத்தரவு மடித்துக் கிடந்தது. அதைக் காட்டினால் இங்கேயும் கதவைச் சாத்துவார். காட்டாவிட்டால் அனிதாவின் கடைசி வருடம் அந்தரத்தில் நிற்கும். நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் இன்னொரு முறை கேட்டார். இந்த நாட்டிலாவது யாராவது வாளி தட்டினால் ஓடக் கூடாது என்று நினைத்தேன். எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

தாய்லாந்துப் பாஷை அவருக்குப் படிக்கத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். மறுபடியும் மேலே போனார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"தொழில், ஆசிரியை" என்று வாசித்தார். "அரசாங்க முத்திரையும் இருக்கிறது."

"ஆமாம், ஐயா. அதுக்காகத்தான் வெளியே அனுப்பினாங்க."

"எவ்வளவு காலம்?"

"மூணு வருஷம்."

தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு ஓர் இழுப்பறையைத் திறந்து பர்மிட்டுக்கான விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைக்காமல் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"உங்கள் பெயர்?"

"செல்லக்கனி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து அறையில் பாடம் நின்றுவிட்டது. கதவிடுக்கில் நாலைந்து முகங்கள் எட்டிப் பார்த்தன.

"இவ்வளவு சத்தம் வேண்டாம் டீச்சர், உள்ளே வகுப்பு நடக்கிறது" என்றார்.